பூசைக்கு ஆகாத ரசம்

பிப்ரவரி 3

காலையிலிருந்து மழை. தை மழை நெய் மழை என்று நெல்லுக்குச் சொல்லி வைத்தார்கள். திராட்சைக்கு யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. பழம் வெட்டப்போகிற நேரத்தில் பெய்தால் கொடி அவ்வளவு தண்ணீரையும் குடித்துப் பழத்துக்குள் அனுப்பிவிடும். பழம் வீங்கும், தோல் வெடிக்கும், இனிப்பு இறங்கும். முன்பெல்லாம் எப்போதாவது நடக்கும். இப்போது வருடா வருடம்.

மழை விட்டதும் எங்கள் பந்தலுக்குப் போய் நாலு மூலையிலும் குலை பறித்துச் சாறு பிழிந்து பார்த்தேன். இனிப்பு அளவு, பிரிக்ஸ், பதினாலு. கோயில் பூசைக்குத் திராட்சை ரசம் செய்கிற ரசக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பத்தொன்பதுக்குக் கீழே இருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புவோம்.

"எம்புட்டு?" என்றார் இவர், என் வீட்டுக்காரர்.

"பதினாறு" என்று இரண்டு கூட்டிச் சொன்னேன்.

ஒரு பழத்தை வாயில் போட்டு மென்றார். "நாக்குல தெரியலயே" என்று சொல்லிவிட்டுக் கம்பியில் தொங்கிய தண்ணீரைத் தட்டப் போனார்.

பிப்ரவரி 6

மார்ட்டின் சாமி இன்று ஆய்வகத்துக்கு வந்து உட்கார்ந்தார். கார்த்திகையில்தான் இங்கே இயக்குநராக மாற்றலாகி வந்தவர். அதற்கு முன் பள்ளிக்கூடம் நடத்தியவர். கேட்பதற்கு வெட்கப்படாத மனுஷன்.

"பதினாலு வந்தா என்னம்மா ஆகும்?"

"எட்டு பர்சன்ட் ஆல்கஹால்தான் வரும் சாமி. எட்டுல இருக்கிற ரசம் நம்ம வெயிலுக்குத் தாங்காது. சித்திரைக்குள்ள காடியாப் போயிரும். காடியை வச்சுப் பூசை செய்ய முடியாது. லைசன்ஸும் பத்துக்குக் கொறஞ்சா வெளிய விடக்கூடாதுன்னு சொல்லுது."

"சர்க்கரை போட்டா?"

"கடைக்கு ஒயின் செய்யுறவங்க போடுவாங்க. நாம போட்டா அது பூசைக்கு ஆகாது. திராட்சையில என்ன இருக்கோ அது மட்டுந்தான்."

"தெரியும்மா, சும்மா கேட்டேன். மகாராஷ்டிராப் பழம்?"

"லைசன்ஸ்ல இந்த மாவட்டத்துப் புதுத் திராட்சைன்னு இருக்கு."

"திராட்சையில வடிச்ச ஸ்பிரிட்டைக் கொஞ்சம் சேத்துக்கலாம்னு ரோம்ல அனுமதி உண்டே?"

"ரோம்ல உண்டு. கலால்ல கிடையாது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டு இந்த கேட்டுக்குள்ள வந்தாலும் சீல் வச்சிருவாங்க."

சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப ரெண்டு ராஜாங்கத்துக்கு நடுவுல நிக்கிறீங்க."

"நிக்கிறோம் சாமி."

"சரி. நிக்கிறோம்" என்றார்.

பிப்ரவரி 9

எடை போட்டோம். ஊர் வண்டிகள் எல்லாம் முடிந்த பிறகுதான் எங்கள் வண்டி. பொண்டாட்டி கூடத்தில் இருக்கிறாள் என்று முன்னால் வந்தான் என்ற பேச்சு வேண்டாம் என்று இவர் வைத்துக்கொண்ட வழக்கம்.

யாருடைய பழமும் பதினைந்தைத் தொடவில்லை. எங்கள் பந்தலுக்கு மேற்கே அடுத்த பந்தல் தவசியுடையது. அவன் தராசுக்குப் பக்கத்தில் நின்றபடி, "ஜெசிந்தாக்கா, திருப்புறதுன்னா எல்லாரு பழத்தயும் திருப்புங்க. இன்னாசி அண்ணன் பழத்தயுஞ் சேத்து" என்றான். இவர் பெயரைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

எதையும் திருப்பவில்லை. மூன்று தொட்டியும் நிறைந்தது. இரண்டாவதில் எங்கள் பழம்.

பிப்ரவரி 11

ராக்காவல் பார்க்கிற பெரியவர் மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறார். அவர் வரும்வரை நானே கூடத்தில் படுத்துக்கொள்கிறேன் என்று இவர் சொன்னார். கேட்காமலே சொன்னது. சந்தோஷமாக இருந்தது. போர்வையும் கொசுவத்தியும் கொடுத்து அனுப்பினேன்.

பிப்ரவரி 12

ஈஸ்ட் பிடித்துக்கொண்டது. கூடம் முழுக்க ரொட்டிக்கடை வாசம்.

பிப்ரவரி 15

ஞாயிறு பூசை. சாமி தருகிற அப்பத்தை, நன்மையை, வாங்க இவர் எழுந்து வரவில்லை. முழங்கால் மடங்கவில்லையாம். பூசை முடிந்ததும் எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்து பந்தலுக்குப் போய்விட்டார்.

வீட்டில் மிளகாய் காயப்போட்டேன். ஒரு மணி நேரத்தில் தூறல்.

பிப்ரவரி 18

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு கூடத்துக்குப் போனேன். முதல் தொட்டியும் மூன்றாவதும் நுரை அடங்கிப் படுத்துவிட்டன. இரண்டாவது இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஒரே ஈஸ்ட், ஒரே நாள் போட்டது. அந்தத் தொட்டி சுவர் ஓரம் இருக்கிறது, மதியம் வெயில் படும், அதனால் இருக்கலாம்.

பிப்ரவரி 22

முழங்காலுக்குத் தைலம் வாங்கி வந்தேன். மூடியைக்கூடத் திறக்கவில்லை. இன்றும் நன்மை வாங்கவில்லை.

பிப்ரவரி 26

ஆல்கஹால் பரிசோதனை. முதல் தொட்டி எட்டு. மூன்றாவது எட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாவது பதினொன்றரை.

திரும்பச் செய்தேன். பதினொன்றரை.

பதினாலு பிரிக்ஸிலிருந்து பதினொன்றரை வராது. கருவி பழசு. கண்ணாடிக் குழாயில் விரிசல் இருக்கும் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத விரிசலும் உண்டு. புதுக் குழாய்க்கு எழுதிப் போட வேண்டும்.

மார்ச் 1

மார்ட்டின் சாமி கணக்கைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினார். "ஒண்ணாவது தேறிச்சே! உங்க வீட்டுக்காரர் பழமா? மனுஷன் நல்லா வெள்ளாமை வைக்கிறார்." இரண்டாம் தொட்டியை உயிர்ப்பு ஞாயிறுக்கும் அதற்கு முன் வரும் பெரிய வியாழனுக்கும் ஒதுக்கிவிட்டார். சீட்டு அச்சடித்து வந்துவிட்டது. ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்டுகிற சீட்டு: "தூய திராட்சை ரசம். சர்க்கரையோ வேறெதுவோ சேர்க்கப்படவில்லை." அதற்குக் கீழே என் கையெழுத்து.

குழாயில் விரிசல் இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சாமிக்குப் போன் வந்துவிட்டது.

மார்ச் 4

இரண்டாம் தொட்டியின் ஏணியில் எறும்பு. வரிசையாக மேல்படி வரை. ஏணியைக் கழுவிவிட்டு மருந்து போட்டேன். வெயில் ஏறினால் எறும்பு வரத்தான் செய்யும்.

மார்ச் 8

பந்தலில் கவாத்து வெட்டினோம். இவர் கிளையை வெட்ட, நான் விழுந்ததை இழுத்துக் குவித்தேன். பாதி வரிசையில் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டியா?"

"கொஞ்சம் போட்டேன்."

"மிச்சம்?"

"கை வலிச்சுது."

கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நின்றது.

"ஜெசி, அந்தக் கையெழுத்தப் போடாத."

நான் குவியலை மிதித்து அமுக்கிக்கொண்டிருந்தேன். "எத்தன மூட்டை?" என்று கேட்டேன். அப்படிக் கேட்பேன் என்று எனக்கே தெரியாது.

"அஞ்சு."

"ஏணியில எப்படித் தூக்குனீங்க?"

"வாளியில. கொஞ்சங் கொஞ்சமா."

"முழங்கால்?"

"முழங்காலுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு." தரையில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாத் தொட்டியும் காடியாப் போனா கூடத்தப் பூட்டிருவாங்க. பூட்டுனா நீ எங்க போவ? ஊர்ப் பழம் எங்க போகும்? ஒரு தொட்டியாவது தேறட்டும்னு பாத்தேன். போட்டதுக்கப்புறம் அந்த நன்மைய நாக்குல வாங்க முடியல. சாமி பாத்திரத்த ஒசத்தும்போதெல்லாம், அடுத்த மாசம் அதுக்குள்ள நான் போட்ட சர்க்கரைதான இருக்கும்னு வருது."

நான் இன்னொரு கிளையை இழுத்துக் குவியலில் போட்டேன்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார். "பரிசோதன பண்ணுன அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பன்னு நெனச்சேன். தெனமும் கேப்ப, கேப்பன்னு இருந்தேன். நீ தைலம் வாங்கிட்டு வந்து வைக்கிற."

குழாயில் விரிசல் இருக்கும் என்று நான் நினைத்தது உண்மை. எழுதியும் வைத்திருக்கிறேன்.

மார்ச் 9

சாமியிடம் சொல்லிவிட்டேன். இவர் பெயரைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க வழியில்லை.

சாமி எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "நீங்க எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாம்னு ஒரு நிமிசம் நெனச்சேம்மா" என்றார். "நல்ல ரசம். யாருக்கும் தெரியப்போறதில்ல. அந்த ஒரு நிமிசத்துக்கு நானும் பாவசங்கீர்த்தனம் செய்யணும்."

"கொட்டிரலாம் சாமி."

"மத்த ரெண்டு?"

"அதுவும் நிக்காது. பத்து இல்லாம வெளிய விடவும் முடியாது."

"அப்ப மூணும்."

மூன்றும். ஆனால் கொட்டுவதற்கும் கலால் அனுமதி வேண்டும். அதிகாரி வந்து, அளந்து, கண்ணால் பார்க்கக் கொட்ட வேண்டும். அதுவரை தினமும் நான் அந்த மூன்று தொட்டிகளுக்கும் மூடி சரிபார்த்து, குழாய் துடைத்து, வெப்பம் குறித்து வர வேண்டும். பூசைக்கு ஆகாத ரசத்தைக் கெடாமல் பாதுகாக்கிறேன்.

மார்ச் 13

அனுமதி வரவில்லை.

மார்ச் 17

அனுமதி வரவில்லை. முதல் தொட்டியில் காடி வாடை தொடங்கிவிட்டது. இவர் சாப்பாட்டுக்கு முன் சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கிப் பாதியில் இறக்கிவிடுகிறார். நானும் கவனிக்காததுபோல் குழம்பு ஊற்றுகிறேன். வீட்டில் இரண்டு பேரும் மெதுவாக நடக்கிறோம், யாரோ தூங்குகிற வீட்டில் நடப்பதுபோல.

மார்ச் 24

கலால் ஆய்வாளர் வந்தார். தமயந்தி என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் வந்த களைப்பில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு இரண்டாம் தொட்டி ரசத்தைக் கண்ணாடியில் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

"இத எதுக்கு மேடம் கொட்டுறீங்க? பதினொன்றரை இருக்கு. எங்க ரூல்ல இது நல்ல ஒயின்."

"உங்க ரூல்ல நல்லது. சர்க்கரை சேந்திருச்சு. பூசைக்கு ஆகாது."

"அப்ப அந்த ரெண்டு?"

"அது சுத்தமான ரசம். காடியாகுற வரைக்கும் பூசைக்கு ஆகும். உங்க ரூல்ல ஆகாது."

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "வேற லைசன்ஸ் இருந்தா இத சாதாரண ஒயினா வித்திருக்கலாம். உங்களுக்குப் பூசைக்கு மட்டுந்தான்னு குடுத்திருக்கு" என்றார். தெரியும் என்றேன்.

இவர்தான் குழாயைத் திறந்தார். நான் திறக்கிறேன் என்று சொன்னதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். வாய்க்கால் வழியே பின்பக்கக் குழிக்கு ஓடியது. பன்னீர்த் திராட்சை வாசம் தெருவரை போயிருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். தவசி இந்தமுறை சிரிக்கவில்லை.

"ஊருப் பழத்த ஒட்டுக்கா சாக்கடையில விட்டீங்களேக்கா. புருசனும் பொண்டாட்டியுமாச் சேந்து."

மூன்று தொட்டியும் காலியாகும்வரை இவர் குழாயை விட்டு நகரவில்லை. பிறகு உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவினார். சாயங்காலம் நேராகக் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 2

பெரிய வியாழன். வேறு மாநிலத்திலிருந்து பெட்டி பெட்டியாக ரசம் வந்து இறங்கியது. ஒரு பாட்டிலைத் திறந்து சோதித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல ரசம்.

ஏப்ரல் 20

பிஷப் இருக்கிற ஆயர் இல்லத்தில் கூட்டம் போட்டிருக்கிறார்கள். அடுத்த வெட்டிலும் ரசம் தேறாவிட்டால் கூடத்தை நிறுத்திவிடுவார்களாம். மற்ற இடத்தில் வாங்கிக்கொள்வது சுலபம் என்று ஆகிவிட்டது. சாமி கோபமில்லாமல் சொன்னார். அவருக்கு வேறு பங்குக் கோயில் கிடைக்கும்.

"காய்ஞ்ச திராட்சையில ரசம் செஞ்சா திருச்சபை ஏத்துக்குமா?" என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

ஏப்ரல் 27

ஏற்றுக்கொள்ளுமாம். ரசத்தின் நிறமும் ருசியும் இருந்தால் போதுமாம். ஆனால் லைசன்ஸில் புதுத் திராட்சை. பறித்துக் காயவைத்தால் அது புதுத் திராட்சை இல்லை.

கல்லூரியில் படித்தது ஞாபகம் வந்தது. பழம் பழுத்ததும் குலை இருக்கிற கிளையை வெட்டிவிட்டு, அறுந்த கிளையைக் கம்பியிலேயே விட்டுவிட வேண்டும். வேரிலிருந்து தண்ணீர் ஏறாது. பழம் பந்தலில் தொங்கியபடியே சுருங்கி இனிப்பு ஏறும். மழை பெய்தாலும் கொடி குடித்துப் பழத்துக்கு அனுப்ப முடியாது. பறிக்கிற நாள்வரை அது கொடிப் பழம்.

இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

"சுருங்குனா எடை?"

"பாதிக்குக் கொஞ்சம் மேல நிக்கும்."

"கூடத்துல கிலோவுக்குத்தான குடுப்பீங்க?"

"ஆமா. வெலைய மாத்தணும்னா கூடத்துக் கமிட்டி கூடணும். வருசத்துக்கு ஒரு தடவதான் கூடும், மார்கழியில."

வெற்றிலையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "வேற யாரும் ஒத்துக்கிற மாட்டாங்க ஜெசி."

"தெரியும். நம்ம பந்தல்ல பாதி."

"நம்ம பந்தல்ல பாதி" என்றார், ஒத்துக்கொண்டாரா திருப்பிச் சொன்னாரா தெரியவில்லை.

ஜூன் 22

பாதிப் பந்தலில் கிளை வெட்டினோம். பழத்தோடு இருக்கிற கிளையை வெட்டி இவருக்குப் பழக்கமில்லை. முதல் வெட்டுக்கு முன் சிலுவை போட்டுக்கொண்டார். தவசி வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு" என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டு போனான்.

ஜூன் 27

இலை காய்ந்து சலசலக்கிறது. மைனாக் கூட்டம். வலை கட்டினோம், பத்தவில்லை, என் பழைய சேலை இரண்டையும் கட்டினோம். தொண்டை கட்டிவிட்டது மைனா விரட்டி.

ஜூலை 1

மேற்கிலிருந்து சாரல். வெட்டாத பாதியில் பழம் வெடித்துவிட்டது. வெட்டின பாதி நனைந்தது, வெடிக்கவில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறி நடந்தேன். சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. வெடித்ததும் எங்கள் பழம்தானே.

ஜூலை 6

பிரிக்ஸ் இருபத்திரண்டு. இவரிடம் இருபத்திரண்டு என்றே சொன்னேன்.

வெட்டுக்கு முன் அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தமயந்தி பந்தலுக்கடியில் குனிந்து நின்று சுருங்கிய குலையைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"இத நான் புதுத் திராட்சைன்னு எழுதணுமா?"

"கொடியிலதான் தொங்குது மேடம்" என்றார் இவர்.

"கிளைய வெட்டியிருக்கீங்களே."

"ஆமா."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். "புதுத் திராட்சைன்னா என்னன்னு லைசன்ஸ்ல விளக்கம் கிடையாது. விளக்கம் கேட்டு நான் எழுதினா மேல போகும். பதில் வர தை ஆயிரும்."

"பழம் ஒரு வாரம் தாங்காது" என்றேன்.

ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றுகொண்டே யோசித்தார். "பந்தல்ல இருந்து பறிச்சு நேரா கூடத்துக்கு வந்த பழம்னு எழுதுறேன். அது உண்மைதான?"

"உண்மைதான்."

"இந்தத் தடவைக்கு. ஊரே இப்படி ஆரம்பிச்சா நான் மேல கேட்டுத்தான் ஆகணும்."

ஊரே ஆரம்பித்தால்தான் கூடம் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை.

ஜூலை 8

அரைத்தோம். ஒரு தொட்டியில் கால்பாகம்கூட வரவில்லை. சாறு தேன் மாதிரி இறங்கியது. வெடித்த பழத்தை இவர் ஜூஸ் கடைக்காரனுக்குக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார்.

ஜூலை 24

பன்னிரண்டரை. ஒரு தடவைதான் சோதித்தேன். மார்ட்டின் சாமி ஒரு வாய் குடித்துவிட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு, "இத வச்சுப் பத்துப் பங்குக்குக் குடுக்கலாம். நூத்துக்கு மேல இருக்கே. எந்தப் பத்துக்கும்மா?" என்று கேட்டார். மூடுவதை மார்கழிவரை தள்ளிப்போட ஆயர் இல்லத்துக்கு எழுதுகிறேன் என்றார். அதற்கு மேல் அவராலும் முடியாது.

சீட்டுகளில் கையெழுத்துப் போட்டேன். எல்லாவற்றிலும்.

ஆகஸ்ட் 5

தவசி நேற்று வந்து எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்டான். இவர் மறைக்காமல் சொன்னார். "பக்தி வேற, பொழப்பு வேறண்ணே" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனான். சண்டை தீர்ந்த மாதிரிதான் இருந்தது. இன்று காலையில் அவன் பந்தலைப் பிரிக்கிறான். வாழை வைக்கப்போகிறானாம். கம்பியைச் சுருட்டி, கல்தூண்களைப் பிடுங்கி டிராக்டரில் ஏற்றினார்கள். மதியத்துக்குள் மேற்கே வெட்டவெளி.

"அடுத்த வெட்டுக்கு முழுப் பந்தலயும் குடுத்திரவா?" என்றார் இவர்.

அதிகாரி ஒத்துக்கொள்வாரா தெரியாது. கமிட்டி விலை ஏற்றுமா தெரியாது. மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. "உங்க இஷ்டம்" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. "குடுங்க" என்று மாற்றிச் சொன்னேன்.

சாயங்காலம் காற்று எழுந்தது. இத்தனை வருடமாக அது தவசி பந்தலில் மோதித் தணிந்துதான் எங்களுக்கு வந்திருக்கிறது. இன்று நேராக வந்தது. மேற்கு ஓரத் தூண் அசைந்தது, அதைத் தொட்ட கம்பி முழுக்க அதிர்ந்தது. இவர் ஓடிப்போய் முட்டுக்கு ஒரு கட்டையைச் சாய்த்துக் கல்லடுக்கத் தொடங்கினார்.

"பிடிச்சுக்க" என்றார்.

தூணில் முதுகைக் கொடுத்து நின்றேன். அவர் அடுக்கி முடிக்க இருட்டிவிட்டது.